காடிக்குள் ஒரு பெரட்டு

காடிச் சாவியைத் திரும்பக் கைப்பற்றியே தீருவது என்று பாஸ்கல் முடிவு செய்தார்.

ஈப்போ சிலிபினில் அவர் வீட்டு முன்புறம், மைவி கார் நிற்க வேண்டிய இடத்தில் மைவி இல்லை. சிமெண்டுத் தரையில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் அந்த முடிவை எடுத்தார். நாடு பிடிக்கக் கிளம்பும் ராஜாகூட அவ்வளவு நேரம் யோசித்திருக்கமாட்டான்.

இத்தனை வருஷமாக வீட்டுக் காடியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. கமுந்திங் தொழிற்சாலைக்குப் போவதும் அதில்தான், வருவதும் அதில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே சாவி இடம் மாறி, அவர் மனைவி ஐவியின் கைப்பையில் குடியேறியது.

"வீட்டுல சும்மா இருக்கிறவருக்குக் காடி எதுக்குலா?" என்று கேட்டார் ஐவி. ஆறு வருஷமாக லைசென்ஸை வைத்துக்கொண்டு காத்திருந்தவர். கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் பாஸ்கலால் தாங்க முடியவில்லை.

ஐவிக்கு வேலைக்கா பஞ்சம்? திங்கள் காய்கறி வாங்கப் பசார். புதன் அக்கா வீடு. தவக்காலம் வந்ததும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. லகாட்டைத் தாண்டி ஊசிமலைத் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்று பேர்தான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, ஆட்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள், ஆட்களும் ஈப்போவுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் மிச்சம். தவக்கால வெள்ளிகளில் பழைய தோட்டத்து ஆட்கள் அங்கே கூடிச் சிலுவைப்பாதை செய்து, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஐவி மைவியில் தன் தோழிகள் வெண்டியையும் கிறிஸ்டினையும் ஏற்றிக்கொண்டு போவார்.

பாஸ்கலோ நண்பர் ரோய்ஸ்டனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பழைய ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டைக்கு மீன் பிடிக்கப் போனார். கையில் தூண்டில் கம்பு நிமிர்ந்து நின்றது. பார்ப்பவர்களுக்குக் கொடி ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும்.

"மச்சான், உன் பொண்டாட்டி எதுக்குப் பயப்படுவா?" என்று ரோய்ஸ்டன் கேட்டார்.

பாஸ்கல் யோசித்தார். பாம்பு? அடித்துவிடுவாள். திருடன்? அவனுக்குத்தான் ஆபத்து.

"பேய்க் கதைன்னா பயப்படுவா. ஆனா அதைத்தான் ஆசையாக் கேப்பா. காடி ஓட்டும்போது ஆடியோ புக்கு."

சொல்லி முடித்ததும் அவருக்கே பொறி தட்டியது.

ஐவி ஒலிநூல் கேட்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. வீட்டிலேயே கதையை இறக்கி வைத்துக்கொள்வார். தோட்டத்துக்குள் லைன் விட்டு விட்டுத்தான் வரும். காடி கிளம்பும் முன்பே கதையைத் தேர்ந்தெடுத்து, போனைப் பிடிப்பானில் மாட்டிவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம். அப்புறம் போனைத் தொடமாட்டார். "நிறுத்து" என்றால் கதை நிற்கும். "அடுத்த அத்தியாயம்" என்றால் தாவும். எல்லாம் வாயால்தான்.

அந்த வரிசையில் ஒரு புதுக் கதையைச் சேர்த்துவிட்டால்?

அன்று மத்தியானம் ரோய்ஸ்டன் வீட்டுக் குளியலறையில் ஒலிப்பதிவு நடந்தது. எதிரொலி வேண்டும் என்பதற்காகப் பாஸ்கல் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டார். ரோய்ஸ்டன் குனிந்து, வாளிக்குக் கீழே போனை நீட்டினார்.

"லகாட்டைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் போகும் பாதையில், பொழுது சாயும் நேரம் வண்டி ஓட்டாதீர்கள்" என்று வாளி பேசியது. "அங்கே ஒரு பெரட்டுக் களம் இருக்கிறது. மரங்கள் போய்விட்டன. ஆட்கள் போய்விட்டார்கள். கிராணி மட்டும் போகவில்லை."

பெரட்டு என்பது தோட்டத்தில் தினமும் விடியும் முன் நடந்தது. மணி அடிக்கும். வேலையாட்கள் இருட்டில் வரிசையாக நிற்பார்கள். கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. பாஸ்கலின் கதையில் செத்துப்போன கிராணி இன்னமும் பெரட்டு எடுக்கிறார். யார் பேரைக் கூப்பிட்டு, யார் பதில் சொல்கிறாரோ, அவர் அந்தக் கிராணியின் ஆள்.

வாளியைக் கழற்றியதும் ரோய்ஸ்டன் முகம் சுருங்கியிருந்தது.

"மச்சான், இது உன் மாமனார் குரல் மாதிரியே இருக்கு."

"அதுதான் வேணும்லா."

ஐவியின் அப்பா சவரிமுத்து, ஊசிமலைத் தோட்டத்துக் கிராணி. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறையில் தூங்குகிறார்.

"செத்தவங்கள வச்சு விளையாடாத, மச்சான்."

"உயிரோட இருந்தப்ப விளையாட முடியலையே" என்றார் பாஸ்கல்.

ஐவி குளிக்கப் போன நேரத்தில் கதை அவர் போனுக்குள் ஏறியது.

வெள்ளிக்கிழமை வந்தது. பொழுது சாய்ந்தது. பாஸ்கல் வாசலில் காத்திருந்தார். மனைவி அழுதுகொண்டே காடியிலிருந்து விழுந்து ஓடி வருவாள், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கையைக்கூடத் தயாராக வைத்திருந்தார்.

மைவி அழகாக வளைந்து, ஒரே திருப்பில் கறைக்கு மேல் நின்றது. ஐவி இறங்கினார்.

"பசியாறிட்டீங்களா?"

"ம். வழியில ஏதாச்சும் கேட்டுக்கிட்டே வந்தியா?"

"பேய்க் கதை ஒண்ணு. புதுசு."

"எப்படி இருந்துச்சு?"

"கதை பரவால்ல. வாசிக்கிறவருக்குத்தான் சளி போல."

பாஸ்கலுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஐவி வந்து எதிரே உட்கார்ந்தார். சாவியை மேசைமேல் வைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பெரட்டுக் களத்துகிட்ட வரும்போது கை நடுங்கிருச்சுங்க. வெண்டி என் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு அந்த ரோட்டுல ஓட்டப் பயமா இருக்கு."

"அடடா" என்றார் பாஸ்கல். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"அடுத்த வெள்ளி கோயில் கூட்டிப் பெருக்கணும். நாங்க மத்தியானமே கிறிஸ்டின் மருமகன் வேன்ல போயிடறோம். பொழுது சாயும்போது நீங்க வந்து கூட்டிக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நீ சொன்னாச் சரி" என்றார் பாஸ்கல், பெருந்தன்மையாக.

அந்த வெள்ளி மத்தியானம், வேன் ஏறுவதற்கு முன் ஐவி அவரை மைவியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். சிக்னலில் போனைக் கையில் பிடித்து ஒருதரம் சம்மன் வாங்கியவர் பாஸ்கல்.

"உங்க போனையும் செட் பண்ணிட்டேன். பிடிப்பான்ல மாட்டுங்க. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் தன்னால காடியோட சேர்ந்துக்கும். நான் கேட்ட அந்தப் பேய்க் கதை தன்னால ஓடும். மெசேஜ் வந்தாச் சத்தம் வராது. நான் கூப்பிட்டா நீங்க தொட வேணாம், அதுவே எடுத்துக்கும். பேசி முடிச்சதும் கதை விட்ட இடத்துலேர்ந்து ஓடும். கேக்குறீங்களா?"

"ம், ம்." பாஸ்கல் சீட்டைத் தன் காலுக்குத் தோதாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். சாவி கையில் இருந்தது. காது அங்கே இல்லை.

"கை ஸ்டியரிங்ல. கண்ணு ரோட்டுல. காது மட்டும்தான் கதையில. சரியா?"

"எனக்கே காடி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறியா?"

ஐவி சிரித்துவிட்டு வேனில் ஏறினார்.

லகாட்டைத் தாண்டும்போது வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. ஒரு குகை வாயிலிருந்து வௌவால்கள் புகை மாதிரி நீளமாகக் கிளம்பி, ஈயக்குட்டைத் தண்ணீருக்கு மேலாகப் போயின. பாஸ்கல் தார் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கினார். இரண்டு பக்கமும் செம்பனை. மட்டைகள் மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூரை போட்டிருந்தன. விளக்கைப் போட்டார். விளக்கு போகிற தூரம்தான் உலகம். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

ஸ்பீக்கர் பேசிக்கொண்டு வந்தது. "மரங்கள் போய்விட்டன. ஆட்கள் போய்விட்டார்கள்..."

தன் குரலா இது! பாஸ்கல் ரசித்தார். தொழிற்சாலையில் வீணாகப் போன திறமை. வாளியும் நன்றாக ஒத்துழைத்திருந்தது.

"கிராணி மட்டும் போகவில்லை. பாலத்தைத் தாண்டியதும் அவர் உங்கள் பேரைக்..."

நின்றுவிட்டது.

பாஸ்கல் ஸ்பீக்கரைப் பார்த்தார். லேசான இரைச்சல். காற்றா? இல்லை. மூச்சு. யாரோ மிக நிதானமாக மூச்சு விட்டார்கள். அதற்குப் பின்னால், தள்ளி, வேறு சத்தமும் இருந்தது. நிறையப் பேர் இருட்டில் நின்று, வாய் திறக்காமல், கால் மாற்றி நிற்கும் சத்தம்.

இதை அவர் பதிவு செய்யவில்லை.

இரும்புப் பாலம் வந்தது. பலகைகள் சக்கரத்துக்கடியில் கடகடவென்று உருண்டன. கடைசிப் பலகையைத் தாண்டினார்.

"பாஸ்கல்!"

"இருக்கேன், ஐயா!"

சொல்லிவிட்டார். புத்திக்குத் தெரியும் முன் வாய் சொல்லிவிட்டது. சின்ன வயதில் இதே தோட்டத்தில் அம்மாவின் ரப்பர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நின்றவர் அவர். கிராணி கூப்பிட்டு இரண்டாவது மூச்சுக்குள் குரல் வராவிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும். இத்தனை வருஷம் கழித்தும் வாய் அதை மறக்கவில்லை.

குரல் கட்டையாக இருந்தது. தொண்டையில் சுண்ணாம்பு அடைத்த குரல். பேரின் கடைசி எழுத்தைக் கத்தியால் நறுக்குகிற மாதிரி முடிக்கிற குரல். பூமியில் ஒரே ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார். அவர் இப்போது பூமிக்குள் இருக்கிறார்.

அப்புறம்தான் பாஸ்கலுக்குத் தன் கதை ஞாபகம் வந்தது. பதில் சொன்னவர், கிராணியின் ஆள்.

"பாலம் தாண்டிட்ட" என்றது குரல்.

"தா... தாண்டிட்டேன், ஐயா."

"பின்னால யாரு?"

கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் கொக்கி மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்ல, ஐயா."

"நல்லாப் பாத்தியா?"

நன்றாகப் பார்க்கவில்லை. இனிமேல் பார்ப்பதாகவும் இல்லை. கழுத்து மரம் மாதிரி நேராக நின்றது. கைகள் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டன. ஐவி சொன்ன மாதிரியே கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். காதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நிறுத்து!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்து! அடுத்த அத்தியாயம்! அடுத்த அத்தியாயம்!"

மறுபடி மூச்சு. இருட்டில் நின்றவர்கள் கால் மாற்றினார்கள்.

"அடுத்த அத்தியாயத்த நீ சொல்லு. என்ன செஞ்ச?"

பாஸ்கல் சொல்ல ஆரம்பித்தார். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பெரட்டில் கிராணி கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"வாளியத் தலையில கவுத்துக்கிட்டு நான்தான் பேசினேன், ஐயா. உங்கள மாதிரிப் பேசினது தப்பு. ரோய்ஸ்டன் அப்பவே வேணாம்னான்."

"அப்புறம்?"

"ராத்திரிச் சந்தையில, பசார் மாலாம்ல, காடிப் பம்பர்ல கோடு விழுந்தது என்னாலதான், ஐயா. ஐவிதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும்..."

"பாஸ்கல்!"

"இருக்கேன், ஐயா! ஐவி பழைய காடியில பழகினப்ப, கிளச்சை மெதுவா விடணும்னு நான் சொல்லிக் குடுக்கல. பட்டுன்னு விடச் சொன்னேன். ரெண்டு தடவை டெஸ்டுல காடி தவளை மாதிரிக் குதிச்சு நின்னுச்சு. அவ ஃபெயிலாயிட்டா. லைசென்ஸ் கிடைச்சாச் சாவி போயிடும்னு பயந்தேன், ஐயா."

வரிசையில் யாரோ ஒருவர் இருமுகிற மாதிரி, ஆனால் இருமல் இல்லாத மாதிரி, ஒரு சத்தம் கேட்டது.

"கிளச்சா?" என்றது குரல். முதல் தடவையாக அது கொஞ்சம் தடுமாறியது. உடனே மறுபடி கட்டையானது. "சாவி யார்கிட்ட இருக்கணும்?"

"உங்க மககிட்ட, ஐயா!"

அப்போதுதான் மணி அடித்தது.

ஸ்பீக்கரில் இல்லை. வெளியே. இடது பக்கம், செம்பனைக்கு உள்ளே, பழைய பெரட்டுக் களம் இருந்த திசையில். இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம். டங். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. ஆனாலும் அது அவர் பல்லில் வந்து இறங்கியது. டங். அப்புறம் ஒன்றுமில்லை.

இரைச்சல் அறுந்தது. ஸ்பீக்கரில் பாஸ்கலின் சொந்தக் குரல், விட்ட இடத்திலிருந்து, வாளிக்குள்ளிருந்து சந்தோஷமாகத் தொடர்ந்தது: "...கூப்பிடுவார். பதில் சொன்னவன் வீடு திரும்புவதில்லை."

மீதித் தூரத்தைப் பாஸ்கல் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது.

கோயில் முற்றத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. வெண்டியும் கிறிஸ்டினும் குழாயடியில் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஐவி விளக்குக்குக் கீழே நின்றார்.

"அலாமா! என்னங்க, மூஞ்சி இப்படி வெளிறிப் போயிருக்கு?"

"நீ... நீ எனக்குப் போன் போட்டியா?"

"போட்டேனே. வரும்போது ஐஸ் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லலாம்னு. பேரைச் சொன்னதும் லைன் கட்டாயிருச்சு. இங்க லைன் எப்பவும் சுசாதானே, ஒழுங்காக் கிடைக்காதே."

"பேரை மட்டுந்தான் சொன்னியா?"

"வேற என்ன சொல்லணும்?"

"அப்ப மணி அடிச்சது?"

"எந்த மணி?"

ஐவி முகத்தில் சிரிப்பு இல்லை. குழாயடியில் தண்ணீர் நின்றது. வெண்டி பானையும் கையுமாக இருட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பெரட்டு மணியக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டே எவ்வளவோ வருஷம் ஆச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "நீங்க எங்க கேட்டீங்க?"

பாஸ்கலின் பார்வை கோயிலுக்குப் பின்னால் போயிற்று. சவரிமுத்து கிராணியின் கல்லறையில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். காற்றே இல்லை. சுடர் மட்டும் அவர் பக்கமாகச் சாய்ந்தது.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ஐவியின் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும்."

"நாளைக்கு மீன் பிடிக்கப் போகணுமே?"

"ரோய்ஸ்டன் மோட்டார் இருக்கு."

"அப்புறம் மாத்திப் பேசக் கூடாது. வெண்டியும் கிறிஸ்டினும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"மாத்த மாட்டேன். அப்பா மேல சத்தியம்."

"எந்த அப்பா?"

"உங்கப்பா!" பாஸ்கல் கல்லறைப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"எனக்கும் இந்த ரோடு பயந்தான்" என்றார் ஐவி. "என்ன செய்யிறது, நீங்க இப்படிச் சொல்லும்போது."

வெண்டியும் கிறிஸ்டினும் பானையோடு பின்சீட்டில் ஏறினார்கள். பாஸ்கல் முன்னால், இடது பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐவி சீட்டைத் தன் காலுக்குத் தோதாக முன்னால் இழுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். தன் போனைப் பிடிப்பானில் மாட்டி, கதையைத் தேர்ந்தெடுத்து, சத்தத்தைக் குறைத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்.

பின்சீட்டில் யாரோ இருமுகிற மாதிரி, ஆனால் இருமல் இல்லாத மாதிரி, ஒரு சத்தம்.

ஐவி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"பெல்ட்டைப் போடுங்கங்க. பயப்படாதீங்க. இந்தக் காடியில கிளச்சே இல்ல, பட்டுன்னு விடச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்க முடியாது."